நட்டு கட்டிக் காயவைத்த கிராஸ் பீஸ்

என் மனைவி வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு நைட்டி, ஜாக்கெட், பாவாடை தைக்கிறாள். நான் ஜெகதளா பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். ரோலர் நின்றாலும் டிரையர் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் மெஷின் என்றால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அவளுடைய தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவதும் பெல்ட் மாற்றுவதும் நான்தான். அதில் உட்கார்ந்து ஒரு தையல்கூடப் போட்டதில்லை. ஆனால் போட்டால் அவளைவிட நேராகப் போடுவேன் என்று ஒரு நினைப்பு பல வருடங்களாக இருந்தது. ஒன்றிரண்டு தடவை அதை வாய்விட்டும் சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

போன ஆகஸ்ட்டில் அந்த நினைப்புக்கு வேளை வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குப் பத்துச் சிறுமிகள் ஆடப்போகிறார்கள் என்று டீச்சர் அவளிடம் பத்து வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்திருந்தார். கழுத்தைச் சுற்றிக் காவி, கீழ் விளிம்பைச் சுற்றிப் பச்சை. எப்போதும் குன்னூர்க் கடையில் கொடுப்பவர், முதல் தடவையாக இவளிடம் வந்திருந்தார். இது நன்றாக வந்தால் ஆண்டு விழாவுக்கு நாற்பது பிள்ளைகளின் உடுப்பும் உனக்குத்தான் என்றும் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடமாக நைட்டிக்குக் கை வைத்துக்கொண்டிருந்தவள் அவள். ஆர்டர் வந்த அன்று மெஷினைத் துடைத்து, அதற்குப் புதிதாக ஓர் உறை தைத்துப் போட்டாள். அவ்வளவு சந்தோஷம் என்று எனக்குப் புரிந்தது.

பத்துக் கவுனும் உடம்பு சேர்த்து முடிந்துவிட்டது. விளிம்பு கட்டுவது மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து, பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. பதினைந்தாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

பஜாரில் இருக்கும் டெய்லரிடம் கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கொடுத்தால் கவுனோடு ஆண்டு விழாவும் அவரிடம் போய்விடும் என்றாள். அதுவும் நியாயம்தான். டீச்சரிடம் ஏற்கெனவே, மீதி கொஞ்சந்தான், முடித்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். யார் கையால் முடிப்பாள் என்று டீச்சரும் கேட்கவில்லை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். அதில் ஒரு கை மாவுக்கட்டில். நான் தைக்கிறேன் என்றேன், ஆழம் தெரியாமல் காலை விடுகிறோம் என்று தெரியாமல். அவள் ரொம்ப நேரம் என் விரல்களைப் பார்த்தாள்.

ஒரு நிபந்தனை போட்டோம். இது வெளியே தெரியக் கூடாது. ஃபிட்டர் தைத்த கவுன் என்று தெரிந்தால் டீச்சர் என்ன நினைப்பாரோ என்று அவளுக்குப் பயம். ஃபேக்டரியில் தெரிந்தால் நான் ரிட்டையர் ஆகும் வரை 'டெய்லரே' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று எனக்குப் பயம். ஆகவே காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டோம்.

விளிம்பு கட்டுவது என்றால் ஒரு நாடாவை வைத்து அடிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். கழுத்து வளைவு, நேராக வெட்டிய துணி வளைவில் திரும்பாது, முறைத்துக்கொண்டு நிற்கும் என்றாள் அவள். துணியை மூலைவாட்டில் மடித்து, அந்தச் சாய்விலேயே ஒன்றேகால் இன்ச் அகலத்துக்கு நாடா நாடாவாக வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால்தான் துணி நெளிந்து கொடுக்கும். கிராஸ் பீஸ் என்பது அதுதான். அதை வெளிப்பக்கம் வைத்து ஒரு தையல், பிறகு உள்ளே மடித்துக் கையால் ஹெம்மிங். கேட்கிறபோது எல்லாம் எளிதாகத்தான் இருந்தது.

பழைய தலையணை உறையில் பழகினேன். முதல் தையல் வளைவில் திரும்பாமல் நேரே போய்விட்டது. இரண்டாவது, நூல் அடியில் கூடு கட்டிக்கொண்டது. மெஷினில் கோளாறு என்றேன். நேற்று வரைக்கும் நன்றாக ஓடியது, எண்ணெய் விட்டதும் நீங்கள்தான் என்று அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னாள். போனில் ஒரு வீடியோவும் பார்த்தேன். அதில் ஒரு அம்மா, இப்படி வைத்து இப்படி மடித்தால் அவ்வளவுதான் என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். எப்படி என்பதைத் தவிர எல்லாம் அதில் இருந்தது.

என் வியாதி என்ன என்று அவள்தான் கண்டுபிடித்தாள்.

"இழுக்காதீங்க. அதும்பாட்டுக்கு வரட்டும்."

ஒரு சாயங்காலத்தில் இதை முப்பது தடவையாவது சொல்லியிருப்பாள். நான் என்ன செய்ய? எங்கள் தொழிலில் தொய்வு என்றாலே கோளாறு. பெல்ட் தொய்ந்தால் இறுக்குவோம், செயின் தொய்ந்தால் இறுக்குவோம். இருபது வருடம் இறுக்கிப் பழகிய கை, இரண்டு விரலில் ஒரு துணி நாடா தொளதொளவென்று கிடந்தால் சும்மா இருக்குமா? இருக்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் மாவுக்கட்டைக் காட்டக் குன்னூர் போனாள், எனக்கு அன்று ஃபேக்டரி லீவு. போகும்போது வேலை சொல்லிவிட்டுப் போனாள். காவித் துணியும் பச்சைத் துணியும் சாயம் விடும், வெள்ளையில் ஏறினால் போச்சு. அதனால் முழுத் துணியாக உப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, பிறகு வெட்ட வேண்டும். முதலில் காவி, அது முடிந்ததும் பச்சை.

வெளியே மழை நான்கு நாளாக விடவில்லை. எங்கள் ஊரில் ஆகஸ்ட் மாதம் துணி காய்வது என்பது நேர்த்திக்கடன் மாதிரி, எப்போது நிறைவேறும் என்று சொல்ல முடியாது. எல்லா வீட்டிலும் வெந்நீர் அடுப்புக்கு மேலே கொடி கட்டி அதில்தான் உலர்த்துவோம். முழுத் துணி காய இரண்டு நாள் ஆகும். என் ஃபிட்டர் மூளை வேலை செய்தது. முதலில் வெட்டிவிட்டு அப்புறம் அலசினால்? சின்னச் சின்ன நாடா, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுமே.

வெட்டினேன். அலசினேன். அடுப்புக்கு மேலே கொடியில் பத்து நாடாவையும் வரிசையாகத் தொங்கவிட்டேன். ஈரத்தில் அவை சுருண்டுகொண்டன. சுருண்டால் எனக்குப் பிடிக்காது. டூல்ஸ் பையிலிருந்து பத்துப் பெரிய நட்டு எடுத்து, ஒவ்வொரு நாடாவின் நுனியிலும் ஊக்கு குத்தி ஒரு நட்டுத் தொங்கவிட்டேன். பத்தும் கொத்தனார் தூக்குநூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. அடுப்புச் சூட்டில் காய்ந்து விறைப்பாகிவிட்டன. அளந்து பார்த்தால் இருபத்திரண்டு இன்ச் வெட்டியது இருபத்தைந்தாகியிருந்தது. துணி கூடியிருக்கிறது, லாபம் என்று நினைத்தேன். அந்த அளவுக்குத்தான் அன்று என் அறிவு ஓடியது.

அவள் பஸ் இறங்கி வருவதற்குள் நான்கு கழுத்து தைத்து வைத்திருந்தேன். தூக்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றாள். எனக்குக் கால் தரையில் இல்லை. காலையில் ஷிப்டுக்குப் போகுமுன் இஸ்திரி போட்டுவிடலாம் என்று தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்தேன். என் கண் முன்னாலேயே கழுத்து சுருங்கியது. நான்கு கவுனும் கயிறு இழுத்த சுருக்குப்பை மாதிரி வாயை மூடிக்கொண்டன. அதற்குள் ஒரு பிள்ளையின் தலை போகாது, பூனைத் தலை வேண்டுமானால் போகும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. துணி மட்டம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கத்தினேன். பிய்த்து எறிய ஒரு கவுனைக் கையில் எடுத்தேன். அவள் இடது கையால் அதை வாங்கிக்கொண்டு, எப்படிக் காயவைத்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியதே இல்லை. கொடியில் மீதி ஆறு நாடா நட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு நிமிடம் அதையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நடுவில் அவள் கண் ஒரு தடவை காலண்டர் பக்கம் போனதையும் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிராஸ் பீஸை ஈரத்தோடு தொங்கவிட்டாலே நீண்டுவிடும். நான் அதற்குப் பாரம் வேறு கட்டியிருக்கிறேன். நீண்டது மறுபடி ஈரம் பட்டதும் தன் அளவுக்குத் திரும்பிவிட்டது, கழுத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. துணியின் மேல் தப்பில்லை. கெட்டுப்போகவும் இல்லை என்றாள் அவள். நான்கையும் பிரிக்கச் சொன்னாள். பத்து நாடாவையும் நனைத்து, கம்பளியின் மேல் படுக்கப் போட்டு, தட்டிவிட்டு, தொடாமல் இருக்கச் சொன்னாள். தையல் பிரிப்பதற்கு ஒரு முழுச் சாயங்காலம் போனது. தொடாமல் இருப்பதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து அளந்தால் இருபத்திரண்டு இன்ச். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பச்சைத் துணியை அவள் சொன்னபடி முழுசாக அலசிப் போட்டு, ஒன்றரை நாள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதைத்தான் செய்தேன், சொல்லாததைச் செய்யவில்லை. நாடாவை விரலில் பிடிக்காமல் விரலுக்கு அடியில் ஓடவிட்டேன். வளைவு வந்தால் மெஷினை நிறுத்தி, துணியைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி மிதித்தேன். ஹெம்மிங்கில் ஊசி பத்து விரலையும் விசாரித்துவிட்டது. ஒவ்வொரு கழுத்து முடிந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு உள்பக்கத்தை இடது கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவுவாள். புடைப்பு இருந்தால் "இங்க" என்பாள். நான் பிரிப்பேன். முதல் கழுத்துக்கு ஐந்து 'இங்க'. நான்காவதுக்கு இரண்டு. எட்டாவதை ஒரு சுற்றுத் தடவிவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாள். ஃபேக்டரியில் பாராட்டுக் கொடுத்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

இதற்கிடையில் வெளியே என் மானம் போய்க்கொண்டிருந்தது. ஃபேக்டரி ஆள் ஒருவன் ஸ்பேனர் கேட்டு வந்தபோது மடியில் இருந்த கவுனை அடியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன் என்றேன். தினமும் மெஷின் சத்தம் கேட்கிறது, இன்னும் சரியாகவில்லையா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன். ஒரு தையல் மெஷினை ஒன்பது நாளாகச் சரிபண்ணத் தெரியாதவன் டிரையரை எப்படிப் பார்க்கிறான் என்று ஷிப்டில் பேச்சாகிவிட்டது.

பதினான்காம் தேதி மத்தியானம் பத்துக் கவுனும் முடிந்தது. நானே இஸ்திரி போட்டேன். தண்ணீர் தெளிக்கும்போது இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. கழுத்துகள் அப்படியே இருந்தன.

மறுநாள் காலை பள்ளி மைதானத்தில் மஞ்சு வெள்ளை மூட்டமாக இறங்கி நின்றது. தூறல் வேறு. கொடி ஏற்றி, பேசி, மிட்டாய் கொடுத்து முடிந்ததும் ஆட்டத்துக்குப் பிள்ளைகள் வந்தார்கள். பத்துப் பேரும் கவுனுக்கு மேலே பள்ளிக்கூடத்து நீல ஸ்வெட்டர் போட்டு, கழுத்து வரைக்கும் பட்டன் மாட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் கல்யாணப் பெண்ணே பட்டுப் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போடுகிறவள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கீழே பச்சை விளிம்பு மட்டும் தெரிந்தது. காவி ஓர் இன்ச்கூடத் தெரியவில்லை.

முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்றால் யாரும் குறை சொல்ல முடியாது, ரகசியமும் பத்திரம். அடுத்த நிமிடமே வயிற்றெரிச்சலாக இருந்தது. உள்ளதைச் சொன்னால் எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

பக்கத்தில் அவளைக் காணோம். மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக டீச்சரிடம் போய் நின்றிருந்தாள். ஒரு பாட்டு நேரம் மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லுங்கள் என்று கேட்டாள். பிள்ளைகளுக்குச் சளி பிடிக்குமே என்று டீச்சர் தயங்கினார். இவள் நகரவில்லை.

"மூணு நிமிசந்தானுங்க டீச்சர். என் கையி ஒடஞ்சு கெடக்குது. கழுத்தெல்லாம் எங்கூட்டுக்காரருதாங்க தெச்சாரு. ஒருக்கா எல்லாரும் பாக்கட்டும்."

முன்வரிசையில் என் ஷிப்ட் ஆட்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு தலையும் ஒன்றாகத் திரும்பியது. நான் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்தேன். அவ்வளவுதான், நாற்பது உடுப்பும் குன்னூருக்குப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்வெட்டர்கள் கழன்றன. பத்து வெள்ளைக் கவுன், பத்துக் காவிக் கழுத்து. மஞ்சுக்குள் அவை மட்டும் தனியாகத் தெரிந்தன. எந்தக் கழுத்தும் தூக்கவில்லை, எந்தக் கழுத்தும் சுருங்கவில்லை. பிள்ளைகள் என்ன ஆடினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிந்ததும் டீச்சர் ஒரு பிள்ளையின் கழுத்தைப் புரட்டி உள்பக்கம் பார்த்தார். பிறகு எங்களிடம் வந்து, ஆண்டு விழாவுக்கு நாற்பது பேர், கை சரியானதும் அளவெடுக்க வரச் சொன்னார். சாரும் கூட வருவாரா என்றும் கேட்டார். பின்னால் நின்ற ஷிப்ட் ஆள் ஒருவன், மெஷின் ஒருவழியாகச் சரியாகிவிட்டது போலிருக்கிறதே டெய்லரே என்றான். பயந்த அளவுக்கு ஒன்றும் வலிக்கவில்லை.

ஒரே குடையில் வீட்டுக்கு நடந்தோம். ஒன்பது நாள் கதவைச் சாத்தி ஒளித்ததை எதற்கு எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாய், ஆர்டரே போயிருக்குமே என்று கேட்டேன். அவள் படியைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தபடி சொன்னாள்.

"போனாப் போகுதுங்க. கழுத்து அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு. ஸ்வெட்டருக்குள்ள போட்டு மூட எனக்கு மனசு வரல."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வேலையைப் பார்த்து அவள் நல்லா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. இழுத்தால் சுருங்கிவிடும்.