பதினொரு பேரை ஷார்ஜாக்காரர் ஆக்கிய கதை

கப்பல் ஏஜென்சி கிளார்க் என்பவன் தினமும் கப்பலில் ஏறுவான், தினமும் இறங்குவான், ஒரு மைல் தூரம்கூடக் கடலில் போகமாட்டான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஷார்ஜாவில் அந்த வேலையைச் செய்தவன் நான். சொந்த ஊர் தூத்துக்குடி. ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஆறு பேர் இருந்த ரூமில் ஒரு கட்டில் என்னுடையது. ஃபைல் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆடுகிற ஏணியில் ஏறி, மேலே போனதும் "சிகரெட் கொண்டுவந்தியா?" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் வந்த காரியத்தைப் பேச முடியும். என்னைப் போல ஏஜென்சியில் குப்பை கொட்டிய அன்பர்கள் இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள் என்று தெரியும். மற்றவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

கையெழுத்து மட்டும் போதும்

புதுச் சட்டம் வருவதற்கு முன்னால் கப்பல் ஆளுக்கு ஒப்பந்தம் என்பது ஒரே ஒரு தாள். அதைக் கேப்டன் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்வார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது, கல்யாணப் பந்தியில் சாம்பாரில் என்ன பருப்பு என்று கேட்பது மாதிரி மரியாதைக் குறைவு.

ஷார்ஜாவுக்கும் ஓமானில் இருக்கிற சலாலாவுக்கும் நடுவே சரக்கு ஏற்றிப் போய்வந்த ஒரு சின்னக் கப்பல் எங்கள் ஏஜென்சியின் கையில் இருந்தது. கேப்டனும் இன்ஜினியரும் பம்பாய்க்காரர்கள். மீதிப் பதினொரு பேரும் எங்கள் கடற்கரைப் பக்கத்து ஆட்கள். அவர்களுக்கு மூத்தவர் சூசை அண்ணன், ஐம்பது வயசு. செராங், அதாவது மேல்தளத்து வேலை ஆட்களுக்குத் தலைவர். எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் கோயில் வாசல் கோலம் மாதிரி போடுவார். "அண்ணே, ஒப்பந்தத்துல என்ன போட்டிருக்குன்னு தெரியுமா?" என்று ஒரு நாள் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"போடச் சொன்னாவ, போட்டேன். தாலி கட்டும்போது மந்திரத்துக்கு அர்த்தம் கேட்டா கட்டுதோம்?"

சட்டம் புதுசு, ஃபாரம் பழசு

அப்புறம் நாட்டுக்கே ஒரு புதுக் கப்பல் சட்டம் வந்தது. வந்தது அரபியில். மொழிபெயர்ப்புக் கடைக்காரர் ஒருவர் அதை இங்கிலீஷ் ஆக்கிக் கொடுக்க, எங்கள் மேனேஜர் நவரத்தினம் அதை ஒரு வாரம் சிவப்புப் பென்சிலோடு படித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், தலைப்பு எழுதிக் கோடு போடாமல் மளிகைச் சீட்டுக்கூட எழுதமாட்டார். படித்து முடித்து அவர் புரிந்துகொண்டது இதுதான்: ஒவ்வொரு ஆளுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் கப்பல்காரர் பொறுப்பு, வேலை முடிந்தால் ஆளை அவர் வேலைக்குச் சேர்ந்த இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்து, புரிகிற பாஷையில் வாசித்தும் காட்ட வேண்டும் என்பது அவரே சேர்த்த உத்தரவு.

புது ஃபாரத்தைப் பிரதி எடுக்கத் தட்டச்சில் ஸ்டென்சில் வெட்டும் வேலை என் தலையில் விழுந்தது. எங்களிடம் இருந்த பழைய ஃபாரம், துறைமுகத்துக்குள்ளேயே சுற்றுகிற இழுவைப் படகு ஆட்களுக்காகச் செய்தது. நான் என்ன செய்தேன்? கீழ்ப்பாதியைப் புதுச் சட்டப்படி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அடித்தேன். மேல்பாதியைப் பழைய தாளைப் பார்த்து அப்படியே அடித்துத் தள்ளினேன். அரைநாளில் வேலை முடிந்தது என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"தம்பி சந்திரன், சட்டம் புதுசு, ஃபாரம் பழசு, நடுவிலை நீர் நிக்கிறீர். கவனமா நில்லும்."

ருசி என்று போட்டிருக்கா?

வாசித்துக் காட்ட அந்தச் சின்னக் கப்பலுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையைச் சுற்றிப் பதினொரு பேரும் ஜெபக் கூட்டம் மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். பெயர், வயது, சேர்ந்த இடம் என்று மேலே இருந்த விவரங்களை, "இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்று தாண்டிவிட்டேன். இந்த இடத்தை நீங்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

"தரமான, போதுமான உணவு" என்று வாசித்ததும் பத்து தலைகளும் சமையல்காரர் கோயில்பிள்ளை பக்கம் திரும்பின. அவர் அசரவில்லை. "தரம்னு போட்டிருக்கா, ருசின்னு போட்டிருக்கா? நல்லா பாத்துச் சொல்லும்" என்றார். ருசி என்று இல்லை என்றேன். "பின்ன என்ன, மேல வாசியும்" என்று காலை நீட்டிக்கொண்டார்.

கடைசியில் ஊருக்கு அனுப்புகிற வரி வந்தது. சூசை அண்ணன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அந்த வரியை மட்டும் மூன்று மட்டம் வாசிக்கச் சொன்னார். முன்பு வேறொரு கப்பலில் வேலை முடிந்ததும் அவரைச் சலாலாவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். கிடைத்த தோணியில் எல்லாம் கூலிக்கு ஏறி, ஊர் வந்து சேர ஒன்பது மாதம். அதற்குள் அவருடைய அம்மாவை அடக்கம் செய்து முப்பதாம் நாள் பூசையும் முடிந்திருந்தது. அதைச் சொல்லிவிட்டு அவர் தன் பிரதியை மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.

"இனி அப்படி விட மாட்டாவல்ல தம்பி? உம்ம வாயாலே சொல்லும், அது போதும்."

விடமாட்டார்கள் அண்ணே என்று, ஏதோ சட்டத்தையே நான்தான் எழுதியவன் மாதிரி, சொன்னேன்.

பல்லும் தட்டும்

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆயில்மேன் முத்தையாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி எடுத்துக்கொண்டது. முகம் ஒரு பக்கம் இட்லி மாதிரி வீங்கி, வாய் திறக்க முடியவில்லை. அவர் தன் பிரதியை எடுத்துக்கொண்டு நேரே கேப்டனிடம் போய், இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாமல், வைத்தியத்துக்கான வரி என்று நினைத்து ஒரு வரியில் விரலை வைத்தார். விரல் விழுந்தது சாப்பாட்டு வரியில். கேப்டன் படித்துப் பார்த்துவிட்டுக் கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு, "உன் சாப்பாட்டின் மேல் எழுத்துமூலமாகப் புகார் வந்திருக்கிறது" என்றார். கோயில்பிள்ளைக்கு வந்ததே கோபம்! கொதிக்கிற மீன் குழம்பைச் சட்டியோடு தூக்கிவந்து முத்தையா முன்னால் வைத்து, குறையைச் சொல்லு என்று நின்றார். முத்தையா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாராம்.

துறைமுகத்தில் அரைநாள் பாஸ் வாங்கி, அவரை ரோலாவில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பிடுங்க வைத்துத் திரும்பக் கொண்டுவிட்டேன். அன்றைக்கே எல்லாருடைய பிரதியையும் வாங்கி, ஓரத்தில் பேனாவால் படம் போட்டுக் கொடுத்தேன். சாப்பாட்டு வரிக்குத் தட்டு, வைத்தியத்துக்குப் பல், ஊருக்கு அனுப்புவதற்கு வீடு. சூசை அண்ணன் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொன்னார். வீடு ஓட்டு வீடாக இருக்க வேண்டும், தென்னை ரெண்டு, இடது பக்கம் கடல், அதில் ஒரு வள்ளம். எல்லாம் போட்டேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்ற கேப்டன் இந்தியில் அலுத்துக்கொண்டார்:

"முன்னே இந்தக் கப்பலில் நான்தான் சட்டம். இப்போது சட்டம் சமையல்காரன் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, அதுவும் படத்தோடு."

நன்றி என்று முடிந்த டெலக்ஸ்

அடுத்த வருஷம் கப்பல் ஷார்ஜாவில் நின்றுகொண்டிருந்தபோதே அதை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் ஒரு வாரத்தில் தன் ஆட்களோடு வருகிறார். பழைய முதலாளியிடமிருந்து எங்களுக்கு டெலக்ஸ்: "ஆட்களை ஒப்பந்தப்படி சேர்ந்த இடத்தில் இறக்கிவிடவும். ஒப்பந்தத்தில் சேர்ந்த இடம் ஷார்ஜா. கப்பல் நிற்பதும் ஷார்ஜா. எனவே எங்கள் கடமை முடிந்தது. நன்றி."

ஃபைலைப் பிரித்தேன். இழுவைப் படகு ஆட்கள் எல்லாரும் ஷார்ஜாவிலேயே வேலைக்குச் சேர்ந்தவர்கள், அதனால் பழைய ஃபாரத்தில் 'சேர்ந்த இடம்: ஷார்ஜா' என்று அச்சாகவே இருந்திருக்கிறது. நான் அதை அப்படியே ஸ்டென்சிலில் வெட்டிப் பதினொரு பேருக்கும் உருட்டி எடுத்திருக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து வந்த மனிதர்கள். விசா இல்லை, கரையில் இறங்கினால் குற்றம், கப்பலில் இருந்தாலும் ஒரு வாரம்தான். சூசை அண்ணனுக்கு நான் வாயாலே சொன்ன சொல் அப்போது நெஞ்சில் குத்தியது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

நவரத்தினம் திட்டவில்லை. "உமக்கு ரெண்டு வழி இருக்கு. ஒப்பந்தம் சரி எண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். இல்லாட்டி, பிழை என்ரை எண்டு துறைமுகத்துக்கு எழுதிக் குடுக்கலாம். குடுத்தால் உமக்கு இஞ்சை வேலை மிஞ்சுமோ எண்டு எனக்குச் சொல்லேலாது" என்றார். ஊரில் நான் அனுப்பும் காசை நம்பி நாலு பேர் இருந்தார்கள். இருந்தாலும் தாளைத் தட்டச்சில் சொருகினேன். அவர் எழுந்து என் பின்னால் வந்து நின்றார்.

"எழுதும். ஆனா பழைய ஸ்டென்சிலைப் பாத்து எழுதாதையும்."

யார் முகத்தில் முழிப்பது

கப்பலில் போய்ச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அதே சாப்பாட்டு மேஜை, அதே பதினொரு பேர். அன்று தாண்டிப்போன மேல்பாதியை இன்று வாசித்தேன். கோயில்பிள்ளை, "ஏ, நாம எல்லாரும் ஷார்ஜாக்காரவளாம்லா" என்று சிரிக்கப் பார்த்தார், யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. முத்தையா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தப்பு என்னுதுதான் அண்ணே. அதை எழுதியும் கொண்டுவந்திருக்கேன். என்கூட முதீர்கிட்ட வாங்க" என்று சூசை அண்ணனிடம் சொன்னேன். முதீர் என்றால் துறைமுக ஆபீஸில் இந்தக் காரியங்களைப் பார்க்கிற பெரிய அதிகாரி. சூசை அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு எழுந்து, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"தப்பைச் செஞ்சிட்டு ஓடிப்போனவனத்தான் நான் இதுவரைக்கும் பாத்திருக்கேன். நடவும் வே, போவோம்."

ரோலாவில் தென்னை மரம்

முதீர் வயதான அரபி. இந்தி அவருக்கு என்னைவிட நன்றாக வரும். முதலில் டெலக்ஸைப் படித்தார், பிறகு என் கடிதத்தை. "நீ அடித்ததா?" என்றார். ஆமாம் என்றேன். "யாராவது அடிக்கச் சொன்னார்களா?" இல்லை, நானாகத்தான் என்றேன்.

அப்புறம் சூசை அண்ணனுடைய பிரதியை வாங்கிப் பார்த்தார். வேர்வையில் நைந்து நாலாக மடிந்த தாள். பல் படத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். வீட்டுப் படத்துக்கு வந்ததும் இது என்ன என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் போட்டது, இது இவருடைய வீடு, ஓட்டு வீடு, இது கடல், இது வள்ளம் என்று விளக்கினேன். சூசை அண்ணன் தன் விரலாலேயே தென்னை ரெண்டையும் காட்டினார். முதீர் தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கடிதத்தின் மேல் அரபியில் ரெண்டு வரி எழுதி முத்திரை குத்தினார். பதினொரு பேருக்கும் ஊருக்கு டிக்கெட் வரும்வரை கப்பலின் காகிதம் எதுவும் கைமாறாது என்று அதற்கு அர்த்தம். பழைய முதலாளி டெலிபோனில் கத்திய கத்தலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் இந்தியில் நிதானமாகச் சொன்னார்:

"என் ஊரில் இப்படி ஓட்டுக் கூரையும் தென்னையும் வள்ளமுமாக ஒரு வீட்டைக் காட்டு. இவர்களை அங்கேயே இறக்கிவிடுகிறேன்."

ஒரு குறை

ஐந்தாம் நாள் திருவனந்தபுரம் விமானத்துக்குப் பதினொரு டிக்கெட். என் வேலையும் போகவில்லை. தண்டனையாக ஆபீஸில் இருந்த அத்தனை ஃபாரத்தையும் மேல்வரியிலிருந்து புதிதாக அடிக்க வைத்தார் நவரத்தினம், ஒவ்வொன்றையும் எனக்கே சத்தமாக வாசித்தும் காட்ட வைத்தார்.

விமான நிலையத்தில் கோயில்பிள்ளை எல்லாருக்கும் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். ருசியாகவே இருந்தது, ஆனால் யாரும் அதை அவரிடம் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே போகிற நேரம் சூசை அண்ணன் மட்டும் திரும்பி வந்தார். சட்டைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. அவர் என் பாக்கெட்டிலிருந்த பேனாவை உருவி, வீட்டுப் படத்தின் நடுவில் கோணல்மாணலாக ஒரு கட்டம் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிச் சொருகினார்.

"ஒரு வருசமா பாக்குதேன், வாசல் வைக்காம வீடு கட்டியிருக்கீரே வே. நான் எப்படி உள்ள போறது?"

ஆக, கப்பலுக்கு எத்தனை நல்ல சட்டம் வந்தாலும், மனுஷன் ஊர் போய்ச் சேருவதும் சேராததும் மேல்வரியை அவசரத்தில் அடிக்கிற என்னைப் போன்ற ஒரு கிளார்க்கின் கையில்தான் இருக்கிறது என்பதால், கப்பலேறும் அன்பர்களே, மேல்வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.