சொண்டில்லாத மீன்

எங்கள் வீட்டில் மீன் தின்னலாம், பிடிக்கக் கூடாது. அது அம்மாவின் சட்டம். யாழ்ப்பாணத்தில் மீன் வீட்டு வாசல் படலைக்கு வந்தது. பேரம் பேசி வாங்குவது எங்கள் வேலை, பிடிப்பது வேறு ஆட்களின் வேலை என்று நினைத்து வளர்ந்தவர் அவர். அந்த நினைப்பும் அவரோடு விமானம் ஏறி வந்து, இந்தக் குளிர் நாட்டில் டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் குடியேறிவிட்டது. லிஃப்ட் பாதி நாள் ஓடாது, கரப்பான்பூச்சிக்கு மருந்தடித்தே கை ஓய்ந்துவிடும், ஆனால் அந்தப் பெருமையை மட்டும் அம்மா விடவில்லை.

ஆகவே மாமா ஒரு தூண்டில்தடியோடு வந்து நின்ற அன்று வீட்டில் பெரிய அமளி. மாமா அம்மாவின் தம்பி. எங்கள் சோபாவில் படுத்தெழும்பி, ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கூட வேலை செய்த போர்த்துக்கீசர் ஒருவர் தன் பழைய தடியைக் கொடுத்திருந்தார்.

“ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்? எங்கட ஆக்கள் உந்த வேலை செய்யிறவையோ?” என்று அம்மா கத்தினார்.

“அக்கா, இஞ்சை டொக்டர்மாரும்தான் மீன் பிடிக்கினம்.”

“அவங்கள் பிடிக்கட்டும்.”

கடைசியில் தடி அலுமாரிக்குள், குளிர்கோட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அந்தக் கதவு திறபடாது. அவர்களின் கோட்டுகள் எல்லாம் என் கட்டிலில் குவியும்.

அம்மா அதற்குமேல் சண்டை பிடிக்காததற்குக் காரணம் இருந்தது. மாமியும் மகளும் வன்னியில் இருந்தார்கள். மாமா நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அந்தப் பிள்ளை மாமியின் வயிற்றில். இப்போது அவளுக்கு நாலு வயது, மாமா படத்தில்தான் கண்டிருந்தார். அவர்களை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் எல்லாம் முடிந்து, அவர்கள் கொழும்புக்கு வந்தால் போதும் என்ற நிலை. ஆனால் ஏழு மாதமாகக் கடிதம் இல்லை. இடம்பெயர்ந்து எந்த ஊருக்குப் போனார்கள் என்றுகூடத் தெரியாது. மாமா வேலைக்குப் போனார், வந்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் தானாக எழும்பி, முகம் கழுவி, சீப்பால் தலை இழுத்து, தடியை எடுத்துக்கொண்டு தீவுக்குப் போவார்.

தீவு என்றால் நகரத்துக்கு முன்னால் ஏரிக்குள் கிடக்கிற தீவு. பஸ், சப்வே, பிறகு ஃபெரி. தீவுக்குள் ஓடும் வாய்க்கால்களில் முழங்காலளவு தண்ணீர், அடியெல்லாம் புல். அந்தப் புல்லுக்குள் பாஸ் மீன் ஒளிந்திருக்கும். மாமா புழு போட்டார், மீன்குஞ்சுகள் வந்து தின்றுவிட்டுப் போயின. வாயில் அலகுபோலப் பிளாஸ்டிக் சொண்டு நீட்டிய பொய்மீனைப் போட்டார், அது சொண்டால் அடியை உழுது கட்டுக்கட்டாகப் புல்லை அள்ளி வந்தது. “என்ன மச்சான், மாட்டுக்குப் புல்லு வெட்டுறியோ?” என்று அப்பா பகிடி பண்ணினார். மாமா சிரிக்கவில்லை.

பிறகுதான் என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். எனக்குப் பத்து வயது. இங்கிலிஷ் தெரிந்ததால் நான்தான் வீட்டுக்கு வாய். அந்தக் கிழமை மட்டும் அம்மாவின் பல்லுவலி, வீட்டுக்காரனின் கடிதம், பக்கத்து வீட்டு அன்ரியின் கர்ப்பம் எல்லாவற்றையும் மொழிபெயர்த்து முடித்திருந்தேன். பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள் நான், அப்போதும் அப்படித்தான்.

கடைக்காரர் ஒரு கிழவர். புல்லுத் தண்ணீர் என்று நான் சொன்னதும், சொண்டே இல்லாத இரண்டு பொய்மீன்களை எடுத்து வைத்தார். தட்டையான உடம்பு, நூல் கட்டுகிற வளையம் முதுகில், வயிற்றில் இரண்டு மும்முனைக் கொளுக்கிகள். உள்ளே குண்டுமணிகள், ஆட்டினால் கலகலக்கும். அதை வேகமாகச் சுற்றி இழுக்க வேண்டுமாம், வயிறு புல்லின் நுனியைத் தடவிக்கொண்டு வர வேண்டுமாம், சிக்கினால் சுண்டி விடுவிக்க வேண்டுமாம். விடுபட்டுப் பாயும்போதுதான் மீன் வந்து அடிக்குமாம். எல்லாவற்றையும் மாமாவுக்குச் சொன்னேன்.

ஒன்று சின்னது, வெள்ளி நிறம், பாரம் குறைவு. மற்றது செங்கல் சிவப்பு, வயிறு மட்டும் செம்மஞ்சள், நல்ல பாரம், சத்தமும் கூட. மாமா அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினார்.

“கிலுகிலுப்பை மாதிரி இருக்கு, என்ன பிள்ளை?” என்றார். “ரெண்டும் ஒரே விலையோ?”

“ஓம்.”

“அப்ப பாரமானதை எடுப்பம்.”

மாம்பழம் வாங்கினாலும் கையில் தூக்கிப் பார்த்துப் பாரமானதை எடுக்கிற மனுசன், வேறென்ன செய்வார்? கிழவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அது ஆழத் தண்ணீருக்கு உரியது, முழங்கால் தண்ணீரில் புல்லுக்குள் போய் இருந்துவிடும், மீன் பட்டாலும் பாரத்தால் உதறிவிட்டுப் போய்விடும், சின்னதையே எடுக்கச் சொல்லு என்று என்னிடம் நீளமாகச் சொன்னார்.

“என்னவாம்?” என்று மாமா கேட்டார்.

வெளியே ஐஸ்கிரீம் வண்டியின் மணி கேட்டது. எனக்கும் அந்தச் சிவப்புத்தான் பிடித்திருந்தது. “ரெண்டும் ஒண்டுதானாம், மாமா” என்றேன்.

பஸ்சில் வரும்போது மாமா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். “இதிலை ஒரு பெரிய மீன் படட்டும், மாமியிட்டை இருந்து கடிதம் வரும். இருந்து பார்” என்றார். அம்மா இப்படிப் பூக்கட்டிக் குறி பார்க்கும்போதெல்லாம் நக்கலடிக்கிறவர் மாமா. இப்போது தானே மீன் பிடித்துப் பார்க்கப் போகிறார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிறு காலை ஒரு அதிசயம் நடந்தது. அம்மா தன் கையாலேயே அலுமாரியைத் திறந்து தடியை எடுத்துக் கொடுத்தார். புட்டும் சம்பலும் கட்டித் தந்தார்.

“பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ தம்பி. அவசரமில்லை, ஆறுதலா வா. நல்ல பெரிசாப் பிடிச்சுக்கொண்டு வா, நான் குழம்பு வைக்கிறன்.”

அம்மாவின் கண் சிவந்திருந்தது. சம்பலுக்கு வெங்காயம் வெட்டியதால் என்று நினைத்தேன். அம்மா திருந்திவிட்டார் என்று சந்தோஷம் வேறு.

கிழவர் சொன்னபடியே நடந்தது. மாமா எறிந்த ஒவ்வொரு முறையும் சிவப்பு மீன் பொத்தென்று விழுந்து நேரே புல்லுக்குள் போய் இருந்தது. சுண்டினார், இழுத்தார், புல்லைப் பிடுங்கி எறிந்தார், திரும்ப எறிந்தார். மத்தியானமாகியும் புட்டைத் தொடவில்லை. பாரமானது சரிவராதாம் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். பொய் சொன்னது தெரிந்துவிடும் என்ற பயம் எனக்கு. புட்டைப் பிரித்து நான் மட்டும் சாப்பிட்டேன்.

மூன்று மணி இருக்கும். சுண்டிய ஒரு சுண்டலில் அது புல்லை விட்டுப் பாய்ந்தது, அந்தக் கணமே தடி வளைந்தது.

“பட்டிட்டுது! பிள்ளை, பட்டிட்டுது! கடிதம் வரப்போகுது!”

அவ்வளவு பெரிய மீனை நான் கண்டதில்லை. அது தண்ணீரை விட்டு மேலே எழும்பி, வாயை ஆவென்று திறந்து, தலையை உதறியது. உள்ளே மணிகள் கலகலவென்று அடித்தன. பொய்மீன் கழன்று பறந்து வந்து மாமாவின் காலடியில் விழுந்தது. தண்ணீர் ஒருமுறை சுழித்து அடங்கியது.

மாமா தடியைப் போட்டுவிட்டு, சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்பு நனையக் குனிந்து, இரண்டு கைகளாலும் புல்லுக்குள் தடவினார். “வா... வாம்மா... வா...” என்று கெஞ்சினார். சைக்கிளில் போன வெள்ளைக்காரர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் மெல்ல நடந்து, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் மேசையடியில் போய், அவரைத் தெரியாதவள் மாதிரி நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

பதினோராம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தபோது எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்துகள். முப்பது சோடியாவது இருக்கும். அஜின்கோர்ட்டில் இருந்த பெரியப்பா ஆட்கள்கூட வந்திருந்தார்கள். எனக்கு முதலில் தடியின் நினைவுதான் வந்தது. இத்தனை பேருக்கு முன்னால் அம்மா கொல்லப்போகிறார்.

அம்மா கதவைத் திறந்தார். மாமாவின் கையில் இருந்து அந்தத் தடியைப் பக்குவமாக வாங்கி, எல்லோருக்கும் தெரிய வரவேற்பறைச் சுவரில் சாத்தினார். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. அப்பா வந்து மாமாவின் தோளைப் பிடித்தார். மாமா ஆட்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். காற்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ரெண்டு பேருமோ?” என்று கேட்டார்.

அப்பா ஓமென்று தலையை ஆட்டினார். பிறகு மாமா எழுப்பிய சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

அவர்கள் இருந்த இடத்தில் ஷெல் விழுந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. கொழும்பில் இருந்து செய்தி சனிக்கிழமையே வந்துவிட்டது, தனியாகச் சொல்லப் பயந்து, ஆட்கள் வந்து சேரும்வரை மாமாவைத் தீவுக்கு அனுப்பினோம் என்று அம்மா சொன்னபோது எனக்குப் பதினைந்து வயது. அந்த ஐந்து வருடமும், மாமியையும் முகம் தெரியாத அந்தக் குட்டி மச்சாளையும் கொன்றவள் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மீன் தப்பியது என்னால், மீன் தப்பியதால் அவர்கள் செத்தார்கள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த அடுத்த நாள், குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். மாமா எதிரில் வந்து இருந்தார். சவரம் செய்யாத முகம்.

“பிள்ளை, அண்டைக்கு அந்தக் கடைக்காரக் கிழவர் பாரத்தைப் பற்றி ஏதும் சொன்னவரோ?”

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். “இல்லை மாமா. ரெண்டும் ஒண்டுதான் எண்டவர்.”

மாமா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

“அப்ப நான்தான்” என்றார். “அவர் ரெண்டையும் வைச்சவர். பாரமானதை எடுத்தது நான்தான்.”

அதன்பிறகு அவர் தடியைத் தொடவில்லை, மீனும் தின்பதில்லை. இப்போது மிசிசாகாவில் தனியாக இருக்கிறார். நான் போனால் தேத்தண்ணி ஊற்றித் தருவார், சொல்லத்தான் போவேன், சொல்லாமல் வருவேன். அன்றைக்கு அந்த மேசையில் அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு விளங்கவே இல்லை. நான் அகப்படவில்லை என்பது மட்டும்தான் விளங்கியது. பெரிய ஆறுதலோடு பென்சிலை எடுத்து, விட்ட கணக்கைத் தொடர்ந்து செய்தேன்.