செங்கல்பட்டு வரை போன காய்ச்சல்

எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ‘சிரித்த முகத்துடன் சேவை’ என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். முகம் சிரிக்க வேண்டும், வாய் சிரிக்கக் கூடாது. இந்த வித்தையை நர்ஸிங் படிக்கும்போது எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் வேலை பார்த்தேன். வார்டு நிறையப் படுக்கைகள், ஷிப்டுக்கு இரண்டே பேர். நானும், ஊரப்பாக்கத்திலிருந்து வரும் என் தோழியும். மழைக்காலத்தில் காய்ச்சல் கேஸாக வந்து குவியும். எத்தனை டிகிரி என்று வாய்விட்டுச் சொன்னால் போச்சு, பக்கத்துப் படுக்கைக்காரர்கள் வரை எழுந்து வந்து விசாரிப்பார்கள். அதனால் நாங்கள் மின்சார ரயில் ஸ்டேஷன் பெயர்களில் பேசிக்கொள்வோம். நூறு என்றால் பல்லாவரம். நூற்றொன்று தாம்பரம். நூற்று மூன்று கூடுவாஞ்சேரி. அதற்கும் மேலே போனால் செங்கல்பட்டு. “ஜன்னல் பெட் தாம்பரத்துல இறங்கிட்டாங்கடி” என்று அவள் சொன்னால் இடுப்பு வலியெல்லாம் மறந்து சிரிப்பேன். மூத்திரச் சட்டியும் கையுமாக நாள் முழுக்க அலைகிறவள் வேறு எப்படித்தான் பொழுதை ஓட்டுவதாம்?

கோவிலம்பாக்கத்தில் கடை வைத்திருந்த ஒரு பாய், தன் மனைவியை டைபாய்டு என்று கொண்டுவந்து சேர்த்தார். மருந்து முழுவதும் ஏறி முடியும்வரை அந்த அக்கா இங்கேயே இருந்தாக வேண்டும், பாதியில் போனால் குடல் ஓட்டையாகி உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு மத்தியானம் அந்த அக்காவுக்குக் காய்ச்சல் எகிறியது. தோழி ஈரத்துணியோடு ஓடிவந்து, “அக்கா டிக்கெட் எடுக்காமலே செங்கல்பட்டு கிளம்பிட்டாங்கப்பா” என்றாள். நான் சிரித்தேன். எங்களுக்குப் பின்னால் பாய் ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் செங்கல்பட்டு என்றால் ஒரே அர்த்தம்தான். எங்களால் முடியாது, அங்கே இருக்கும் அரசுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாய் துணிமணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்.

“இன்னா சிஸ்டர், ஆள அனுப்பறதுன்னு முடிவு பண்ணிட்டு சிரிச்சிகினு நிக்கிறீங்க?”

“ஐயோ பாய், அது ஜுரத்துக்கு நாங்க வச்ச பேரு. நூத்து நாலுன்னா செங்கல்பட்டு. அவ்ளோதான்.”

“எம் பொண்டாட்டி ஜுரத்த வச்சி நீங்க ரயிலு வுட்டு வெளாடறீங்களா?”

நியாயமான கேள்வி. டாக்டர் வந்து உட்காரவைத்துப் பேசிய பிறகுதான் பாய் சமாதானமானார்.

மேனேஜர் சமாதானமாகவில்லை. எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். “இனிமே வார்டுல ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கக் கூடாது.”

“இன்னொரு நர்ஸ் போடுங்க சார். காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல” என்றேன்.

“அதை அப்புறம் பேசலாம்.”

அந்த அப்புறம் நான் வேலையை விடும்வரை வரவே இல்லை.

மறுநாள் முழுக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டு வேலை பார்த்தோம். அந்த அக்காவுக்குக் காய்ச்சல் நன்றாக இறங்கியிருந்தது, மருந்துதான் இன்னும் சில நாள் ஏற வேண்டியிருந்தது. தெர்மாமீட்டர் வைத்தேன், பார்த்தேன், எழுதினேன், நகர்ந்தேன். தோழியும் அப்படித்தான். சாயங்காலம் போனபோது அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சிஸ்டர், நெசத்தச் சொல்லுங்க. நேத்து வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் சிரிச்சிகினே இருந்தீங்க. நமக்கு ஒண்ணுமில்லன்னு தைரியமா படுத்திருந்தேன். இன்னிக்கு யாரும் மூஞ்சி குடுத்தே பேசல. எனக்கு முடிஞ்சிபோச்சா?”

“ஜுரம் எறங்கிடுச்சுக்கா. நல்லாத்தான் இருக்கீங்க” என்றேன். சிரித்துக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன். கதவருகே மேனேஜர் நின்றிருந்தார். அப்படியே மூடிக்கொண்டேன்.

அக்கா என் மூடிய வாயைப் பார்த்தார். பிறகு என் கையை விட்டுவிட்டு, கட்டிலருகே நின்ற கணவர் பக்கம் திரும்பினார்.

“புள்ளைங்கள பாக்கணும். என்னை வூட்டுக்கு இட்டுகினு பூடுங்க.”