பிள்ளையார் சுழி போட்டு மாட்டிக்கொண்டேன்

இந்த வருஷம் தனித்தேர்வராகப் பத்தாவது பரீட்சை எழுதியே தீருவேன் என்று, மேலே பிள்ளையார் சுழி போட்டு ஒரு தாளில் எழுதி, பூஜை அலமாரியில் ஒட்டியிருந்தேன்.

இன்று காலை அதைக் கிழிக்கப் போனேன். வீட்டுக் கணக்கைப் பிசகாமல் எழுதுகிற எனக்கு அல்ஜீப்ரா ஏறவில்லை. வேலை முடித்து உட்கார்ந்தாலே கண் செருகுகிறது.

ஒரகடம் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்து வந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னாமே, சுழி போட்டு எழுதினதப் போயி கிழிக்கிற?"

"முடியலங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"என்னாண்ட ஏன் சொல்ற? பிள்ளையாராண்ட சொல்லிட்டுக் கிழி."

பிள்ளையார் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். தாளை விட்டுவிட்டு, அல்ஜீப்ரா புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

சுழி போடாமல் எழுதியிருந்தால் இந்நேரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். உங்களில் யாரெல்லாம் இப்படி மாட்டியிருக்கிறீர்கள்?