சாம்பல் உறிஞ்சும் மெஷினும் தஸ்தகீர் பாயும்

கடத்தூர் கடைவீதியைத் தாண்டி மொரப்பூர் போகும் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் இரண்டு வேட்டி, ஒரு சட்டை, ஒரு போர்வை. பஸ் ஒன்று என்னைக் கடந்து போய் நின்றது. கண்டக்டர் தகரத்தைத் தட்டிக் கூப்பிட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். ஏறினால் தெரிந்த முகம் ஒன்று இருக்கும், எங்கே போகிறாய் என்று கேட்கும்.

என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். நானாகத்தான் கிளம்பினேன். ஒரு வேக்குவம் கிளீனரால் கிளம்பினேன் என்றால் சிரிப்பீர்கள். அந்த மெஷினைத் தேர்ந்தெடுத்த ஆள்மேல் எனக்கு இருந்த பொறாமையால் கிளம்பினேன் என்பதுதான் சரி.

1. பட்டும் சாம்பலும்

எண்பதுகளின் நடுப்பகுதி. கடத்தூர்ப் பக்கம் நஞ்சப்பா என்பவருடைய பட்டு நூற்பு ஷெட்டில் எனக்கு அடுப்பு வேலை. ஏழாவதோடு என் படிப்பு நின்றது. அதன்பின் செங்கல் சூளை, கல் குவாரி, லாரி கிளீனர், தொப்பூர் கணவாயில் ஒரு சாப்பாட்டுக் கடை என்று போய்க்கொண்டே இருந்தேன். எங்கும் ஆறு மாதம் தாண்டியதில்லை. இந்த ஷெட்டில் பதினோரு மாதம் இருந்தேன்.

பட்டுக்கூட்டைக் கொதிநீரில் வேகவைத்தால்தான் நூல் பிரியும். அந்த வெந்நீருக்குத்தான் அடுப்பு. முதலில் விறகு எரித்தோம். பிறகு நஞ்சப்பா ஓசூர்ப் பக்கம் எங்கோ பார்த்துவிட்டு வந்து ஒரு புது அடுப்பு வைத்தார். கடலைத்தோலையும் மரத்தூளையும் அழுத்தி விரல் நீளத்துக்குச் செய்த கட்டிகள்தான் அதற்கு எரிபொருள். மேலே உள்ள பெட்டியில் கட்டியைக் கொட்டினால் அது தானாக இறங்கி இறங்கி எரியும். புகை குறைவு. ஆனால் சாம்பல் மாவு மாதிரி இருக்கும். துடைப்பத்தைக் காட்டினால் போதும், மேலே எழும்பிவிடும். எழும்பியது ஈரப் பட்டு நூலின் மேல்தான் வந்து உட்காரும். நூல் வாங்க வரும் வியாபாரி ஒரு நூல் கட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு ஓரமாக ஒதுக்கிவைப்பார்.

நூற்பில் முதல் பேசின் தொட்டி முன்னால் உட்காரும் முனியம்மாதான் என்னைச் சும்மா விடமாட்டாள்.

"மாதையா, நீ கூட்டுனா எங்களுக்குப் பவுடர் செலவு மிச்சம்யா. பொட்டு மட்டும் வாங்கிக் குடு, போதும்."

சாம்பலைக் கிளப்பாமல் எடுக்க ஒரே வழி உறிஞ்சி எடுப்பதுதான் என்று சொன்னவர் தஸ்தகீர் பாய்.

2. பாய்

தர்மபுரியில் தகர வேலை செய்யும் குடும்பம் அவருடையது. ராட்டை மோட்டார் ஒன்று நின்றுபோனபோது அதைச் சரிசெய்ய வந்தார். நஞ்சப்பா அவரை அப்படியே வைத்துக்கொண்டார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் தொல்லை. கெடுதல் செய்திருந்தால் கோபப்பட்டு முடித்திருப்பேன்.

எதற்கெல்லாம் பொறாமைப்பட்டேன் என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. அவருக்குக் காபி முதலாளி வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் வரும். எனக்கு டீக்கடை கிளாஸ். ஓடுகிற மோட்டார் பக்கம் காதைச் சாய்த்து, "இது இன்னும் நாலு நாளு தாங்கும்" என்பார். நாலாம் நாள் அது நிற்கும். பெண்கள் அவரிடம் குறை சொல்வதற்கென்றே ராட்டையை நிறுத்துவார்கள். என்னிடம் யாரும் குறை சொன்னதில்லை, கிண்டல்தான். அவர் வேலை செய்யும்போது சீட்டியடிப்பார். ஒருநாள் கிணற்றடியில் தனியாக நின்று எனக்கு சீட்டியடிக்க வருகிறதா என்று பார்த்தேன். காற்றுதான் வந்தது.

ஷெட்டுக்குப் பின்னால் மேஸ்திரி ரூம் ஒன்று காலியாக இருந்தது. பழைய மேஸ்திரி போய்விட்டார். ஒருநாள் நஞ்சப்பா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். எங்களிடம் பேசும்போதும் இடையில் அது எட்டிப்பார்க்கும்.

"ஏனப்பா, ரெண்டு பேரும் சேலம் போயி ஒரு மிஷினு பாத்துட்டு வாங்க. சாம்பல் தொல்லை தீரணும். தீந்துச்சின்னா உங்கள்ல ஒருத்தருதான் மேஸ்திரி. ரூமு அவருக்கு."

நான் இரவில் பட்டுக்கூட்டு மூட்டைகளின் மேல்தான் படுப்பேன். உள்ளே தாழ்ப்பாள் இருக்கும் ஒரு அறையில் அதுவரை நான் தூங்கியதில்லை. அந்த ரூம் எனக்கு வேண்டும். அதை அன்று வெளியே சொல்லவில்லை, இன்று சொல்கிறேன்.

3. சேலத்துக் கடை

கடையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று பணக்கார வீடுகளில் வைத்துக்கொள்வது. பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே கெட்டித் துணிப்பை. இன்னொன்று மில்களுக்கானது. இரும்பு டிரம், தலையில் மோட்டார், கீழே சக்கரம். பார்க்கவே ஒரு எருமை.

பாய் இரண்டையும் ஓட்டிப் பார்த்தார். குழாய் வாயில் உள்ளங்கையை வைத்து இழுவை பார்த்தார். கடைக்காரரிடம் கொஞ்சம் முகப்பவுடர் கேட்டு வாங்கித் தரையில் கொட்டி உறிஞ்சினார். பிறகு பின்பக்கம் காற்று வெளியே வரும் இடத்தில் தன் கறுப்புக் கைக்குட்டையைப் பிடித்தார். டிரம் மெஷினில் கைக்குட்டை வெளுத்துவிட்டது. துணிப்பை மெஷினில் ஒன்றும் ஒட்டவில்லை.

"பாத்தியா மாதையா? இந்தப் பெருசு முன்னாடி உறிஞ்சி பின்னாடி ஊதுது. நம்ம ஷெட்டுக்கு ஆவாது. நூலு மேல அதே சாம்பல்தான் வுழும்."

கடைக்காரர் என்னைப் பார்த்து, "உங்க கூட வந்தவரு இஞ்சினியருங்களா?" என்றார்.

"இல்லைங்க, தகர வேலை" என்றேன். சொன்ன வேகத்தில் எனக்கே வெட்கமாக இருந்தது.

பாய் துணிப்பையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஒரே ஒரு சந்தேகம். துணியாச்சே. காலையில நீ அள்றப்ப சாம்பல் நல்லா ஆறியிருக்குமில்ல?"

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பதினோரு மாதத்தில் நான் தீப்பெட்டி வாங்கியதே குறைவு. தினமும் காலையில் சாம்பல் தட்டை ஒரு குச்சியால் கிளறுவேன். மேலே சில்லென்று இருக்கும். அடியில் மிளகளவு ஒரு கங்கு சிவப்பாகக் கிடக்கும். அதில்தான் பீடி பற்றவைப்பேன். விறகுச் சாம்பல் சீக்கிரம் அணைந்துவிடும், இந்தக் கட்டிச் சாம்பல் அணையாது, தன்னைத் தானே மூடிக்கொண்டு உயிரோடு கிடக்கும். இது அந்த ஷெட்டில் எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்று.

"சில்லுனு இருக்குங்க பாய்" என்றேன்.

பை கருகி ஓட்டை விழும், அவர் முகம் கறுக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

4. பை எரிந்தது

துணிப்பை மெஷினை வாங்கிவந்தோம், பாயே அதை ஓட்டினார். முதல் மூன்று நாள் எல்லோருக்கும் கொண்டாட்டம். சாம்பல் எழும்பவில்லை. முனியம்மா, "பாய், அப்படியே எங்க வூட்டுக்காரரையும் ஒரு இழு இழுங்க. மூலையிலயே கெடக்கறாரு" என்றாள். ஷெட்டே சிரித்தது. நான் அடுப்பில் கட்டி கொட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

நாலாம் நாள் காலை பாய் சாம்பல் எடுத்து முடித்து, மெஷினைக் கூட்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்து தரைத் தூசியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். கங்குக்குக் காற்று கிடைத்தால் என்ன ஆகும் என்று ஊதுகுழல் பிடித்தவர்களுக்குத் தெரியும். முதலில் துணி கருகும் நாற்றம் வந்தது. பிறகு மெஷினின் பின்பக்கத்திலிருந்து தீ நாக்கு நீட்டியது. இரண்டு முழம் தள்ளி ஒரு வாரத்துக்கான கூடு. அதற்குப் பின்னால் ஒன்பது பெண்கள், ஒரே வாசல்.

என் கால் நகரவில்லை. பாய் பிளக்கைப் பிடுங்கினார். மூடியைத் திறந்து, எரியும் பையை வெறுங்கையால் பிடித்து இழுத்து நடுத் தரையில் போட்டார். முனியம்மா கழிவுத் தண்ணீர் வாளியை அப்படியே அதன் மேல் கவிழ்த்தாள். செத்த புழு ஊறிய தண்ணீர். அந்த நாற்றம் போக இரண்டு நாள் ஆனது. தீ உடனே போய்விட்டது.

நஞ்சப்பா ஓடி வந்தார். "யாரப்பா சாம்பல் ஆறிடுச்சின்னு சொன்னது?"

நான் எரிந்த பையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் வலது உள்ளங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நின்றார். தோல் ஏற்கெனவே எழும்பியிருந்தது.

"நாந்தாங்க சரியாப் பாக்காம வுட்டுட்டேன்" என்றார்.

5. பால் கேன்

பொறாமைக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. நான் நினைத்தபடி அவர் தோற்றுவிட்டார். ஆனால் பெண்கள் எல்லோரும் அவர் கையைத்தான் பார்த்தார்கள். முனியம்மா மருந்து கொண்டுவந்தாள். முதலாளி வீட்டு அம்மா டம்ளரோடு நேரே ஷெட்டுக்கே வந்துவிட்டார். கையைச் சுட்டுக்கொண்டும் ஒருவன் மரியாதை வாங்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கையில் கட்டோடு என் அடுப்பு முன்னால் வந்து குந்தினார்.

"உன்ன மாதிரி சாம்பல் தெரிஞ்சவன் இங்க யாருமில்ல. சொல்லு, இத எப்படிச் சாவடிக்கறது?"

"தண்ணியில போட்டாத்தான் சாவும்" என்றேன். பொய் சொல்ல இனி எதுவும் மிச்சம் இல்லை.

அவர் ஒரு பழைய பால் கேன் வாங்கிவந்தார். மூடியில் இரண்டு ஓட்டை. ஒரு குழாய் உள்ளே பாதித் தண்ணீருக்குள் முங்கும்படி நீளம். இன்னொன்று தண்ணீருக்கு மேலேயே நிற்கும்படி குட்டை. சாம்பல் முதல் குழாயில் வந்து தண்ணீரில் விழும், கங்கு அங்கேயே சத்தம்கூட இல்லாமல் சாகும், காற்று மட்டும் இரண்டாம் குழாய் வழியாகத் துணிப்பை மெஷினுக்குப் போகும். அவர் வலது கை உதவாததால் தகரம் வெட்டியது, ஈயம் வைத்துப் பற்றவைத்தது எல்லாம் நான். அவர் பக்கத்தில் நின்று சொல்வார். ஒருமுறை தண்ணீரை மெஷின் இழுத்துவிட்டது. நடுவில் ஒரு தடுப்புத் தகடு வைத்தோம். பிறகு இழுக்கவில்லை.

இளம் தொழிலாளிகளுக்கு ஒன்று. சாம்பலுக்கு மெஷின் வாங்கினால் இழுவையை மட்டும் பார்க்காதீர்கள். சாம்பல் முதலில் விழும் இடம் இரும்பாக இருக்க வேண்டும். காற்று கடைசியில் வெளியேறும் இடத்தில் மெல்லிய பில்டர் இருக்க வேண்டும். அந்தச் சாம்பல் எப்படிப்பட்டது என்று அதை அள்ளுகிறவனிடம் கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, அவன் பீடியை எதில் பற்றவைக்கிறான் என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

6. ரூம்

மேஸ்திரி வேலை பாய்க்குத்தான் போனது. போக வேண்டியதுதான். சாவியை வாங்கியதும் நேராக என்னிடம் வந்தார்.

"ரூமு பெருசு. ரெண்டு பாய் போடலாம். மூட்டை மேல படுத்தது போதும், வா."

அப்போது சொன்னேன். "பாய், சாம்பல் ஆறாதுன்னு எனக்குத் தெரியும். சேலத்துலயே தெரியும்."

"தெரியும்" என்றார்.

"எப்பலருந்து?"

"பை எரிஞ்ச மறுநாளு காலையில. நீ தட்டக் கெளறி பீடி பத்த வெச்ச. பழக்கதோசம், நான் நிக்கறதையே பாக்கல."

"அப்பறம் என்னாத்துக்கு முதலாளிகிட்ட சொல்லல?"

"சொன்னா உன்ன அனுப்பிட்டு அந்தச் சாம்பல என்னை அள்ளச் சொல்லுவாரு. எனக்கென்ன பைத்தியமா?" சிரித்தார். கட்டுப் போட்ட கையாலேயே என் தோளைத் தட்டினார்.

கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால் இருந்திருப்பேன். அவருக்குக் கோபம் வரவில்லை. என்னிடம் இல்லாமல் அவரிடம் இருந்தவற்றில் அதுவும் ஒன்று சேர்ந்துகொண்டது. அந்த ரூமில், அவர் பக்கத்தில் படுத்து, அதை எண்ணிக்கொண்டே கிடக்க என்னால் ஆகாது என்று தெரிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பையை எடுத்தேன். முனியம்மா மட்டும், "எங்கயா, மாமியா வூட்டுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

7. மொரப்பூர்

அன்றிரவு மொரப்பூர் ஸ்டேஷனில் படுத்தேன். விடிந்ததும் அங்கே குட்ஸ் ஷெட்டில் புளி மூட்டை ஏற்ற ஆள் கேட்டார்கள். போய் நின்றேன். என்னோடு சேர்த்து ஆறு பேர். அதில் பெருமாள் என்று ஒருவர், என் தோள் உயரம்தான் இருப்பார். நான் ஒரு மூட்டை ஏற்றி இறங்குவதற்குள் அவர் இரண்டு ஏற்றிவிட்டு நின்று தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மேற்பார்வை பார்த்தவர் அவரை "பெருமாளு" என்றும் என்னை "ஏய்" என்றும் கூப்பிட்டார். பழைய எரிச்சல் மறுபடி தொடங்கியது. இவர் கால் இடறாதா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததும் பாயின் உள்ளங்கை கண்ணுக்கு முன்னால் வந்தது.

அவர் அடுத்த மூட்டைக்குக் குனிந்தபோது கிட்டே போனேன்.

"அண்ணா, மூட்டையில கொக்கிய எந்த எடத்துல போட்டுத் தூக்கறீங்க?"

அவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதக் கேக்கத்தான் காலையிலருந்து என்னையே மொறச்சிக்கிட்டு நின்னியா? மூட்டை வாய்லருந்து ஒரு சாண் கீழ போடு. முதுக முதல்ல குடு, கைய அப்பறம் குடு. வா, இந்தப் பக்கம் நில்லு."

போய் நின்றேன்.