ஓரத்தில் நின்ற ஆள்

கிடங்கில் அந்த அம்மாவுக்குப் பெயர் அம்புக்குறி. பயிற்சிப் பிரிவுக்கு அவர் ஒருவர்தான். பெட்டியை இடுப்பு பிடிக்காமல் தூக்குவது எப்படி, தீப்பிடித்தால் எந்தக் கதவு, எந்த அடுக்குக்கு எவ்வளவு எடை, எல்லாவற்றையும் நகரும் படமாக ஸ்லைடில் போட்டு ஓட்டிக் காட்டுவது அவர் வேலை. சிவப்பு அம்புக்குறி இல்லாமல் ஒரு படமும் போட மாட்டார். கழிவறைக்கு வழி காட்டி ஒட்டிய தாளிலேயே மூன்று அம்புக்குறி. ஒன்று போதாதா என்று கேட்டேன்.

"அவசரத்துல வர்றவங்க கண்ணுக்கு ஒண்ணு தெரியாதுண்ணே" என்றார்.

தட்டச்சராகச் சேர்ந்தவர். இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. தட்டச்சு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டரை வைத்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தைப் பார்த்துத் தானே பழகினார். நான் அங்கே சங்கச் செயலாளராகப் பதினைந்து வருடம் இருந்தவன். சங்கக் கூட்டத்துக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் துண்டறிக்கையைக் கொடுத்தால் கடைசி வரி வரை படித்துவிட்டு, எழுத்துப் பிழைகளைச் சுழித்துத் திருப்பிக் கொடுப்பார். நிர்வாகம்கூட எங்களை அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஹாரனின் விசாரணையைத்தான் எழுத வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் அவர் வாழ்க்கையில் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. அதில்தான் அவரை நான் முழுதாகப் பார்த்தேன்.

ஹாரன் என்பவன் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர். முப்பத்து நாலு வயது, இரண்டு பெண் குழந்தைகள், வேறு தொழில் தெரியாது. முனைக்கு முனை ஹாரன் அடிப்பான். கேன்டீன் வரிசையில் முன்னால் நிற்பவன் நகராவிட்டால் வாயாலேயே அடிப்பான். ஒருநாள் காலை ஆறாம் வரிசையில் அவன் வண்டியை எடுக்க, சரக்குப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே அடுக்கின் மறைவிலிருந்து சரக்கைச் சரிபார்க்கும் செக்கர் நடந்து வர, சக்கரம் பாதத்தில் ஏறிவிட்டது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஹாரன் அன்றே எழுதிக் கொடுத்தான், செக்கர் திடீரென்று குறுக்கே வந்தார் என்று. ஆஸ்பத்திரிப் படுக்கையில் செக்கரும் அதையே சொன்னார். சேர்ந்து வேலை பார்ப்பவனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறார் என்றது நிர்வாகம்.

கம்பெனி விதி எளிமையானது. குறுக்கே வந்த ஆள் மீது பட்டால் எச்சரிக்கைக் கடிதம். நிற்கிற ஆளைப் பார்த்தும் வண்டியை எடுத்தால் வேலை காலி. நடுவில் எதுவும் கிடையாது.

விபத்தைப் பற்றிப் பாடம் எடுக்க அம்புக்குறியிடம் ஒரு படம் கேட்டார்கள். இரண்டு வாக்குமூலத்தையும் படித்துவிட்டுச் செய்தார். வண்டி கிளம்புகிறது. இரண்டு விநாடி கழித்துச் செக்கர் இடது ஓரத்திலிருந்து உள்ளே வருகிறார். மோதல், அதன் மேல் பெரிய அம்புக்குறி. பிறகு வலது ஓரத்திலிருந்து இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வருகிறார்கள். பயிற்சிக் கூடத்தின் பழைய திரை, அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் திரை, அதில் நாற்பது பேருக்குப் போட்டுக் காட்டினார். ஒரு குறையும் இல்லை. அந்தப் படத்தையே நிர்வாகம் விசாரணைக்கு ஆதாரமாக வைத்தது. ஹாரனுக்காக நான் ஆஜரானேன்.

விசாரணை அறையில் ஜன்னலை ஒட்டிப் புதிய திரை. நல்ல அகலம். முதல் நாள் படத்தைப் போட்டதும் விசாரணை அதிகாரி சிரித்துவிட்டார். கம்பெனி வெளியிலிருந்து அமர்த்திய வக்கீல் அவர், லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. ஃபோர்க்லிஃப்ட் பேருந்து மாதிரி பரந்து கிடந்தது. மனிதர்கள் எல்லாம் அண்டாவுக்குக் கால் முளைத்தது போல இருந்தார்கள்.

"செக்கர் இவ்வளவு குண்டா?" என்றார் அதிகாரி.

"ஒல்லியான ஆள் சார். ஸ்கிரீன் புதுசு, அதான்" என்றார் பர்சனல் மேனேஜர்.

மூலையில் உட்கார்ந்திருந்த அம்புக்குறி எழுந்தார். "சார், இது தப்பு. படத்தை அகலத்துல இழுத்திருக்கு. மூணடி தூரம் நாலடியா தெரியும். பிரேக் போட இடம் இருந்தும் இவர் போடலைன்னு ஆயிடும்."

எனக்கு வெல்லம் தின்ற மாதிரி. "அந்தம்மா சொல்றதை எழுதிக்கங்க சார். சரியான அளவுல போட்டுக் காட்டட்டும்" என்றேன். அந்த வாயை அன்று நான் திறந்திருக்கவே கூடாது.

அடுத்த அமர்வுக்கு முன் அவர் கம்ப்யூட்டரில் அந்தத் திரையின் அளவைச் சரியாக வைத்தார். படம் வந்தது. வண்டி வண்டியாக இருந்தது, ஆள் ஆளாக இருந்தான். வெயில் கூசியதால் ஜன்னல் திரைச்சீலையை யாரோ இழுத்துவிட்டிருந்தார்கள். அதன் ஓரம் திரையின் வலது பக்கத்தில் கொஞ்சம் விழுந்து கிடந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நிறுத்துங்க" என்றார் அதிகாரி. "அங்க நிக்கறது யாரு?"

செக்கர். வெறும் தரையில், ஒரு மறைவும் இல்லாமல், கையில் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தார். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை.

"பாத்தீங்களா சார்?" மேனேஜர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஆள் முன்னாடியே நிக்கறாரு. இவங்களே போட்ட படம்."

"இல்ல சார், அவர் அப்புறம்தான் வருவாரு" என்றார் அம்புக்குறி.

"எங்க வர்றது? வந்து நின்னுட்டாரே!"

மூன்று முறை ஓட்டினார்கள். மூன்று முறையும் செக்கர் நின்றார். வண்டி கிளம்பியது. அந்த மகராசன் அதைப் பார்த்துக்கொண்டே வந்து சக்கரத்தில் கால் கொடுத்தார்.

"போன தடவை இவர் இல்லையேம்மா" என்றார் அதிகாரி.

"இல்லைங்க சார்."

"நடுவுல படத்தை மாத்தினீங்களா?"

"படத்துல கையே வைக்கலை. அளவைத்தான் சரி பண்ணேன்."

"அளவைச் சரி பண்ணா புதுசா ஒரு ஆள் வருவாரா?"

அவர் கம்ப்யூட்டரில் அளவை மறுபடி பார்த்தார். பக்கத்தில் ஹாரன் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

"தலைவரே... அவர் அங்கதான் நின்னாரோ?"

"வாயை மூடுடா."

"இல்ல, எனக்கும் இப்ப அப்படித்தான்..."

"மூடுன்னேன்ல."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒத்தி வைத்தார்கள். அம்புக்குறி தன் அறைக்கு ஓடினார். அவருடைய கம்ப்யூட்டரில் ஓட்டினால் செக்கர் அப்புறம்தான் வந்தார். பயிற்சிக் கூடத்தில் ஓட்டினால் அங்கேயும் அப்புறம்தான் வந்தார். திரும்ப விசாரணை அறையில் ஓட்டினால் கல் மாதிரி நின்றுகொண்டிருந்தார். படத்தை உருவாக்குகிற பக்கத்தைத் திறந்து பார்த்தார். அங்கே செக்கர் வழக்கம்போலப் படச் சட்டத்துக்கு வெளியே, தன் முறைக்குக் காத்து நின்றிருந்தார். இருபது வருடமாக எல்லா ஆட்களையும் அப்படித்தான் நிறுத்துகிறார். பழகிய கண். பார்த்தும் பார்க்கவில்லை.

"எனக்கு மண்டை குழம்பிடும் போலிருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். சாயங்கால நடை முடிந்ததும் இடுப்பு வலிக்கிறது என்று நீள பெஞ்சில் சாய்ந்துவிடுவார். கம்பெனிப் படத்தைப் போனில் எடுத்துப் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. அம்புக்குறி எடுத்துப் போயிருந்தார். அடுக்களை வாசலில் உட்கார்ந்து போனை நிமிர்த்திப் பிடித்து மறுபடி மறுபடி பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கணவரிடம் நீட்டினார். அவர் படுத்தபடியே வாங்கி, போனைக் குறுக்குவாட்டில் பிடித்தார்.

"ஏம்மா, ஓரமா ஒருத்தன் நிக்கறானே, அவனுக்கு வேலைவெட்டி இல்லையா?"

"எங்க? குடுங்க." வாங்கி நிமிர்த்திப் பார்த்தார். "யாருமே இல்லையே."

"கொண்டா இங்க. இதோ, கையில பேப்பரோட."

"விளையாடாதீங்க. நானே நொந்து போயிருக்கேன்." வாங்கிப் பார்த்தார். "இங்க எவனும் இல்ல."

"கண்ணாடியை மாத்துன்னு நான் எத்தனை தடவை சொல்றது?"

"உங்களுக்கு இடுப்புலதான் கோளாறுன்னு நெனச்சேன்."

போன் நாலு தடவை கை மாறியது. ஐந்தாம் தடவை கணவரிடம் போனதும் அம்புக்குறி அதைத் திரும்ப வாங்கவில்லை. கணவர் கையில் இருக்கும்போதே மெதுவாகத் திருப்பினார். குறுக்கே வைத்தால் ஆள் நின்றான். நிமிர்த்தினால் காணவில்லை. திரும்பக் குறுக்கே வைத்தார். இந்தத் தடவை கணவர் வலது பக்கத்தைக் காட்டினார்.

"இவங்க யாரு, ஸ்ட்ரெச்சரோட? அடிபடறதுக்கு முன்னாடியே வந்து காத்திருக்காங்க? நல்ல கம்பெனிம்மா உங்களுது."

அம்புக்குறி போனை வாங்கிக் குறுக்கே பிடித்து, அந்த ஸ்ட்ரெச்சரை இன்னொரு தடவை பார்த்தாராம்.

காலையில் விசாரணை அறைக்குள் வந்ததும் யாரையும் கேட்காமல் ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையைச் சரக்கென்று இழுத்து ஒதுக்கினார். படத்தைப் போட்டார். ஓடவிடாமல் முதல் காட்சியிலேயே நிறுத்தினார்.

"சார், இடது பக்கம் செக்கர் முன்னாடியே நிக்கறாரு. ஒத்துக்கறேன். வலது பக்கம் பாருங்க."

இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வண்டி கிளம்பவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

"இவங்க எப்ப வந்தாங்க சார்?" என்றார் மேனேஜரைப் பார்த்து.

சிரிப்பை அடக்க நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதிகாரிக்கு அவர் விளக்கினார். நாடகத்தில் அடுத்து வரப்போகிறவர் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நிற்பது போல, இந்தப் படத்தில் உள்ளே வர வேண்டியவர்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். பழைய திரையில் சட்டத்தோடு திரை முடிந்துவிடும். அகலமான திரையில் இரண்டு பக்கமும் மிச்ச இடம் இருக்கிறது. வெளியே நிற்பவர்கள் அந்த இடத்தில் தெரிந்துவிடுகிறார்கள். "செக்கரை மறைச்ச அடுக்கை நான் வரையவே இல்ல சார். சட்டத்தோட விளிம்பையே அடுக்குன்னு நெனச்சுக்கிட்டேன். இங்க அந்த விளிம்பு இல்ல."

"அப்ப படம் தப்பு" என்றார் மேனேஜர்.

"படம் சரிதான் சார்."

"திரை தப்பா?"

"திரையும் சரிதான்."

"அப்ப எதும்மா தப்பு?"

அவர் யோசித்தார். "தெரியல சார். அன்னிக்கு எல்லாரும் குண்டா இருந்தாங்க, நடந்தது சரியா இருந்துச்சு. இப்ப எல்லாரும் அளவா இருக்காங்க, நடந்தது தப்பா இருக்கு. எதைச் சரி பண்றதுன்னு எனக்கே புரியல."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவர் ஹாரன் பக்கம் திரும்பினார்.

"படத்தை விடுங்க. நீங்க சொல்லுங்க. வண்டியை எடுக்கறப்ப அவர் நின்னாரா, இல்லையா?"

'இல்லை' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவை. ஹாரன் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"தெரியல சார்."

என் உயிர் பாதி போய்விட்டது.

"தெரியலைன்னா?"

"இதுக்கு முன்னாடி தெரியும் சார். நேத்து மூணு தடவை போட்டாங்க. அதுலருந்து கண்ணை மூடினா அவர் நிக்கற மாதிரிதான் வருது."

மேனேஜர் எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் எழுந்து கத்தினேன். மேடையில் பேசியதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி அன்று கத்தினேன் என்று நினைக்கிறேன். இந்த மனிதனின் ஞாபகத்தைக் கெடுத்ததே உங்கள் திரைதான்; கெடுத்துவிட்டு அவனிடமே சாட்சி கேட்பது என்ன நியாயம்; விபத்து நடந்த அன்று, எந்தப் படத்தையும் பார்ப்பதற்கு முன் அவன் எழுதிக் கொடுத்தது இருக்கிறது, அதை எடுங்கள்; செக்கர் சொன்னதும் அதேதான். அதிகாரி தண்ணீர் குடித்தார். படத்தை ஆதாரத்திலிருந்து நீக்கினார். படத்தைப் பார்த்த பிறகு ஹாரன் சொன்னதையும் நீக்கினார். முதல் நாள் வாக்குமூலங்கள் மட்டும் நின்றன.

இரண்டு வாரத்தில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஹாரன் மறுபடி வண்டியில் ஏறினான். அம்புக்குறிக்கும் ஒரு மெமோ வந்தது, இனிமேல் திரைக்கு வெளியே ஆட்களை நிறுத்தக் கூடாது என்று. வேறு எங்கே நிறுத்துவது எனத் தெரிவிக்கும்படி அவர் பதில் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை. இப்போதெல்லாம் படத்தின் இரு பக்கமும் கறுப்பாகப் பெரிய சுவர் வரைந்துவிடுகிறார். எவ்வளவு அகலத் திரையில் போட்டாலும் அதைத் தாண்டித் தெரியாது.

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் ஹாரன் அவர் அறைக்கு வந்தான். நான் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன்.

"அக்கா, அந்தப் படத்தை ஒரு தடவை போடேன்."

"எதுக்கு?"

"அவர் நின்னாரா இல்லையான்னு பாத்துட்டுப் போறேன். ஆறாம் வரிசைக்கு வந்தாலே வண்டியை நிறுத்திடறேன்."

"நான் போட்ட படத்தைப் பாத்தா உனக்கு எப்படிடா தெரியும்? நான் என்ன நேர்லயா பாத்தேன்? நீ சொன்னதைத்தான் போட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

அவர் என்னைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து, அவனுடைய முதல் நாள் வாக்குமூலத்தின் நகலை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் படித்தார். அவன் சுவரில் சாய்ந்து, ஊரில் யாருக்கோ நடந்ததைக் கேட்பவன் போலக் கேட்டான்.

"இன்னொரு தடவை படிக்கா."

படித்தார்.

"நான் சொல்லியிருந்தா சரியாத்தான் இருக்கும், இல்லக்கா?"

"சரியாத்தான் இருக்கும்" என்றார். காகிதத்தை அவனிடம் கொடுத்தார். அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனான்.