சிறுகுளத்துப் புல் யாருக்கு?

பனவடலிசத்திரத்துக்குக் கிழக்கே உள்ள சிறுகுளத்தில் கருவேலங்கன்று நடப்போகிறோம் என்று காடு வளர்ப்புக்காரர்கள் வந்து சொன்னபோது, ஊர்க்கூட்டத்தில் முதலில் எதிர்த்துப் பேசியவள் கோமதித்தாய். முதலில் சம்மதித்தவளும் அவளேதான். ஆடு வளர்க்கிற வீடுகளுக்கு அந்தக் குளத்துப் பரப்பை விட்டால் பக்கத்தில் மேய்ச்சல் இல்லை, அதனால் எதிர்த்தாள். அடுப்பெரிக்க ஒரு சுள்ளிக்குக்கூட மேற்கே வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது, அதனால் யோசித்தாள்.

"கன்னு வளருத மட்டுக்கும் ஆட்ட விடல. சரி. உள்ள மொளைக்குத புல்லு யாருக்கு?" என்று கேட்டாள்.

கன்று நட வந்த பணியாளன் ஜஸ்டஸ், பாளையங்கோட்டையில் படித்த வாலிபன், "நீங்களே அறுத்துக்கிடலாம்க்கா" என்றான். அவன் நல்லெண்ணத்தில் சொன்னான். அதைச் சொல்லும் அதிகாரம் அவனுக்கு இல்லை. கோமதித்தாய்க்கு அந்த வித்தியாசம் அன்று தெரியவில்லை. தன் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பி, "ரெண்டு மழ பொறுங்க. புல்லு நமக்குத்தான். நான் சொல்லுதேன்" என்றாள். அவள் வாக்கை நம்பி அவர்கள் ஆடுகளை வேறு திசைக்கு ஓட்டினார்கள். குளத்துக் காவல் அவளுக்கே வந்தது.

இதற்கெல்லாம் சுவீடன் தேசம் உதவி செய்கிறது என்று ஜஸ்டஸ் சொல்லியிருந்தான்.

"அது எங்கன இருக்கு?"

"பனி பெய்யுத ஊருக்கா. கடல் தாண்டி."

"பின்ன எதுக்கு நம்ம குளத்துல மரம் வளக்குதாவ?"

காற்றும் மழையும் எல்லாத் தேசத்துக்கும் பொது, ஒரு இடத்தில் காடு அழிந்தால் எல்லாருக்கும் கேடு என்று அவன் தனக்குச் சொல்லித்தரப்பட்டதைச் சொன்னான். "அப்பிடியா" என்றாள். நம்பியதாகவும் தெரியவில்லை, மறுத்ததாகவும் தெரியவில்லை.

காவலில் அவள் முகம் பார்க்கவில்லை. அண்ணன் தங்கசாமியின் ஆடுகள் வேலியோரம் வந்தபோது கல்லெடுத்து விரட்டினாள்.

"ஏட்டி, கூடப் பொறந்தவன்னு ஒரு எரக்கம் உண்டா?"

"கூடப் பொறந்தது நீ. ஒன் ஆடு இல்ல."

அவளால் விரட்ட முடியாமல் போனது ஒரு கிடாவை. சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடா அது. கோயில் கொடையில் வெட்டும் நாள் வரும்வரை அதை அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, விரட்டக் கூடாது. எந்த வயலில் வாய் வைத்தாலும் வயற்காரன் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்பான். அது முள்வேலியை முட்டித் திறந்துகொண்டு உள்ளே போய்க் கன்றுகளைக் கடித்தது.

"விரட்டுங்கக்கா!" என்று ஜஸ்டஸ் பதறினான்.

"மாடனுக்கு நீ பதில் சொல்லுதியா?"

"எங்க சபையில அப்பிடி ஒரு சாமி கெடையாதேக்கா."

"அப்ப நீயே வெரட்டு."

ஜஸ்டஸ் கிடாவின் கொம்பைப் பார்த்தான். சாமியை நம்பாதவனுக்கும் கொம்பின்மேல் நம்பிக்கை இருந்தது.

கோமதித்தாய் தன் வழியில் யோசித்தாள். அடிக்காதே, கட்டாதே என்றுதான் விதி. தீனி போடாதே என்று யாரும் சொல்லவில்லை. கிணற்றடித் தோட்டத்தில் அகத்திக்குழை ஒடித்து வந்து நீட்டினாள். கிடா வேலியைவிட்டு வெளியே வந்தது. பிறகு அதுவே வழக்கமாயிற்று. கொஞ்ச நாளில் அது அவளை விட்டு அசையவில்லை. கடைக்குப் போனாலும் பின்னால் வந்தது. சாமிக்குற்றமும் இல்லை, கன்றுக்குச் சேதமும் இல்லை என்று அவளுக்குப் பெருமை. தான் போகிற இடமெல்லாம் அது வரும் என்பதன் மறுபாதியை அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது மழை முடிந்து, குளத்துக்குள் புல் முழங்கால் உயரம் நின்றபோது காடு வளர்ப்பு அதிகாரி புதிதாக ஒன்று சொல்லியனுப்பினார்: புல்லை ஏலம் விடுவதுதான் முறை.

"புல்லு நமக்குன்னு சொன்னவ எங்கவே?" என்று, கடைக்கு வந்த அவள் காதுபட, தங்கசாமி டீக்கடையில் எல்லாரும் கேட்கக் கேட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"சுவீடன்லேருந்து குளத்தப் பாக்க வாராவளாம். அவங்ககிட்டயே கேக்குதேன்" என்றாள்.

சங்கரன்கோவிலிலிருந்து ஜீப் வந்தது. அதிகாரியோடு மார்கரெட்டா என்ற சுவீடன்காரப் பெண்மணி இறங்கினாள். ஆட்டுக்காரர்கள் கரையில் வரிசையாக நின்றார்கள். இந்த இரண்டு வருடத்தில் ஒரு ஆடுகூட உள்ளே நுழையவில்லை என்று அதிகாரி ஆங்கிலத்தில் சொல்ல, ஜஸ்டஸ் அதைக் கரையில் நின்றவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்க, கோமதித்தாய் வேலிப்படலைத் திறந்து வழிகாட்டி முன்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் கிடா நுழைந்தது.

"ஆடு இல்லன்னாவளாமே, பின்ன அது என்ன மானா?" என்று கரையிலிருந்து தங்கசாமி குரல் கொடுத்தான். கரை முழுவதும் சிரிப்பு.

வழி தப்பி வந்துவிட்டது என்று அதிகாரி சமாளித்தார். அவர் சொன்னதை ஜஸ்டஸ் மெதுவாகக் கோமதித்தாயிடம் சொன்னான்.

"வழி தப்பல. எம் பின்னாலதான் வந்துது. அப்பிடியே சொல்லு தம்பி. மாடனையும் சேத்துச் சொல்லு."

ஜஸ்டஸ் சொல்லி முடிக்க வெகுநேரமாயிற்று. மார்கரெட்டா சிரிக்கவில்லை. தன் நாட்டின் வடக்கிலும் மந்தை மேய்ப்பவர்கள் உண்டு, அவர்கள் மேய்ப்பது ஒருவகை மான், அங்கேயும் மரத்துக்காரர்களுக்கும் மந்தைக்காரர்களுக்கும் தகராறு இன்னும் தீரவில்லை என்றாள். பிறகு, "மற்ற ஆடுகள் இப்போது எங்கே மேய்கின்றன?" என்று கேட்டாள்.

அது அப்படியொன்றும் ஆழமான கேள்வியில்லை. ஆனால் அதுவரை வந்தவர்கள் கன்றுகளைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள்.

"தேவர்குளம் தாண்டி ஓட்டுதாவ" என்றாள் கோமதித்தாய். "புல்லு உள்ள நிக்கி, ஆடு வெளிய அலையுது. நமக்குத்தான்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன். இப்பம் ஏலம்ங்காவ. புல்லு யாருக்குன்னு கேளு."

மார்கரெட்டா தலையசைத்தாள். அதைத் தான் சொல்ல முடியாது, இது இந்த ஊர்க் குளம், இங்குள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். சொல்லிவிட்டு அதிகாரியைப் பார்த்தாள். பதில் வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் செய்தது அவ்வளவுதான். தேசத்துக்குத் தேசம் செய்யும் உதவியில் பாதி மேடைப்பேச்சோடு போய்விடும். கேள்வி கேட்டவள் பக்கத்தில் பதிலுக்காகக் காத்து நிற்பதும் ஓர் உதவிதான்.

அதிகாரி கரையைப் பார்த்தார். அங்கே சிரிப்பு ஓய்ந்திருந்தது. வேலியை இரண்டு வருடம் மதித்தவர்கள் அவர்கள் என்பது அவருக்கும் தெரியும்.

"ஆட்ட உள்ள விடக் கூடாது. ஆளுங்க வந்து அறுத்துக்கலாம். ஏலம் வேண்டாம்" என்றார்.

"எப்பம் இருந்து ஐயா?"

"அடுத்த மாசம் ஏற்பாடு பண்ணலாம்."

"அதுக்குள்ள முத்திப் போவுமே. ஆடு வாய் வைக்காது."

"சரிம்மா. நாளைக்கே அறுங்க."

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே தங்கசாமி அரிவாளும் கயிறுமாக வந்து நின்றான். கோமதித்தாய் படலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"படலத் தெற, ஏட்டி. புல்லு நமக்குன்னு நீதான சொன்ன?"

"எல்லா வீட்டுக்கும் சேத்துத்தான் சொன்னேன். அங்கன உக்காரு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே கரையில் உட்கார்ந்தான். ஒவ்வொரு வீட்டாராக வந்து சேர்ந்தார்கள். கைப்பிள்ளையோடு கடைசி வீட்டுக்காரி வந்த பிறகுதான் அவள் எழுந்து படலை இழுத்துத் திறந்தாள்.